நடை பழகும் பிள்ளைகளின் வளர்ச்சி

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் மகாசபைக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் ஐந்தொகை வாசிக்கப்பட்டு, வருஷாந்தர அலுவல்களும் முடிவடைந்தன. இத்தகைய கூட்டங்களில் என்னைப் போன்ற உத்தியோகஸ்தன் எழுந்து நின்றால், தவணை தவறிய கடனைப்பற்றித்தான் பேசப்போகிறான் என்று நீங்கள் எண்ணுவது இயல்பு. இன்றைக்கும் நான் தவணையைப்பற்றியே பேசப்போகிறேன். ஆனால் அது உங்கள் வீட்டுச் சிறு பிள்ளைகள் வளரவேண்டிய தவணை.

நான் வைத்தியன் அல்லன். மெட்ரிக் பரீட்சையில் தேறி, இவ்விலாகாவில் அமர்ந்து, ஊர் ஊராய்ச் சென்று கணக்குப் புஸ்தகங்களைப் பரிசோதிப்பது என் தொழில். ஆயினும் இரண்டு பெண் மக்களுக்குத் தகப்பனாகவும், அநேக கிராமங்களில் உங்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பழகியவனாகவும் இருப்பதால், இவ்விஷயத்தைப்பற்றி வைத்தியர்களிடம் கேட்டும் புஸ்தகங்களில் படித்தும் அறிந்துகொண்டேன். அறிந்தவற்றில் சில காலம் கடந்து அறிந்தவை. அதை முடிவில் சொல்லுகிறேன்.

தொட்டிலில் கிடக்கும் சிசுவை வீடு முழுவதும் கவனிக்கிறது. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையை உபாத்தியாயர் கவனிக்கிறார். தொட்டிலை விட்டு இறங்கி, பள்ளிக்கூடத்துப் படி ஏறாத பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலுள்ள அந்தப் பிள்ளை தெருவிலும் களத்துமேட்டிலும் கோழிக் குஞ்சுகளோடு ஒன்றாய்த் திரிகிறது. "ஓடி ஆடுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது" என்று நாம் இருந்துவிடுகிறோம். அந்த இரண்டு வருஷங்களில்தான் மனிதனுக்கு வேண்டிய நடை, பேச்சு, பிறரோடு பழகும் குணம் ஆகிய மூன்றும் உண்டாகின்றன. ஆகையால் அம்மூன்றையும் முறையே எடுத்துச் சொல்லுகிறேன்.

முன்னோர் வைத்த கணக்கு

பிள்ளை வளர்ச்சியை மாதக் கணக்காய்ப் பார்ப்பது புதிய வழக்கமென்று யாரும் எண்ணவேண்டாம். நம் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களில் பத்துப் பருவங்கள் உண்டு. அவற்றை மூன்றாம் மாதம் தொடங்கி 21-ம் மாதம் வரையில் ஒற்றைப்பட்ட மாதங்களில் வைத்து எண்ணுவது மரபு. ஐந்தாம் மாதம் தலை தூக்கி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி. 13-ம் மாதம் தளர்நடையிட்டு வரும் வருகை. 15-ம் மாதம் சந்திரனை விளையாட அழைக்கும் அம்புலி. அதற்குமேல் சிற்றில், சிறுபறை, சிறுதேர் முதலிய விளையாட்டுப் பருவங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைப் பரிசோதித்து 2006-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்குவது பெரும்பாலும் 12-ம் மாதத்தை ஒட்டியே ஆகும். ஆரோக்கியமுள்ள பிள்ளைகளில் சில எட்டு மாதத்திலேயே நடந்தன. சில 17 மாதம் கடந்த பின்னர் நடந்தன. நம்மவர் வருகைப் பருவத்தை 13-ம் மாதத்தில் வைத்தது இக்கணக்கோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். அம்புலிப் பருவமும் அப்படியே. ஏறக்குறைய அந்த வயதில்தான் பிள்ளை ஒரு பொருளைச் சுட்டுவிரலால் காட்டி, "நீயும் பார்" என்பதுபோல் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாய், பிள்ளையின் புத்திக்கும் அப்போதே ஊட்டுகிறாள்.

தேக வளர்ச்சி

பிறந்தபோது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை ஐந்தாம் மாதத்தில் இரு மடங்கும், ஒரு வருஷத்தில் மூன்று மடங்கும் ஆகிறது. இரண்டு வயதில் நான்கு மடங்காகும். மேற்சொன்ன உலக அளவுகளின்படி ஒரு வயதுள்ள ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ, இரண்டு வயதில் ஆணுக்கு 12.2, பெண்ணுக்கு 11.5, மூன்று வயதில் 14.3, 13.9. உயரமோ, பிறந்தபோது சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு வயதில் 75. இரண்டு வயதில் ஆணுக்கு 87, பெண்ணுக்கு 86. மூளை இரண்டு வயதுக்குள் பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆகிவிடுகிறது. பால் பற்கள் இருபதும் மூன்று வயதுக்குள் முளைத்துவிடும்.

இந்த எண்களில் தாய்மார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் வருஷத்தில் ஆறு கிலோ ஏறிய பிள்ளை இரண்டாம் வருஷத்தில் இரண்டரைக் கிலோதான் ஏறுகிறது. வளரும் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. விளையாட்டில் ஆசையும் மிகுகிறது. "முன்னே நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை இப்போது வாயை மூடிக்கொள்கிறதே" என்று கவலையுற்றுப் பிள்ளையைப் பிடித்து அழுத்தி வாயில் திணிப்பது தவறு. சிறிது சிறிதாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு முறை சிற்றுண்டியும் கொடுக்கவேண்டும். வயிறு சிறிதாகையால் நீர்த்த கஞ்சியால் அது நிரம்பிவிடும், சத்துச் சேராது. குழையச் சமைத்த சோற்றில் பருப்பும் கீரையும் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். கேழ்வரகுக் கூழ், முட்டை, முள் நீக்கிய மீன், வாழைப்பழம், பப்பாளி ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பவை. ஆறு மாதத்துக்குப் பின் இவ்வுணவுகளோடு தாய்ப்பாலையும் இரண்டு வயது வரையிலும் அதற்குமேலும் கொடுக்கலாம்.

மாறாக, நான் காலை வேளையில் கிராமங்களுக்குச் செல்லும்போது காண்பது யாது? இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு தம்ளர் தேநீரும், அதில் தோய்த்த வர்க்கியும். பசி அடங்கும், ரத்தம் ஊறாது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தம் குறைந்த பிள்ளை சோம்பி உட்காரும், விளையாடாது, விளையாடாத பிள்ளை கற்காது. ஒரு தம்ளர் தேநீரினால் வரும் நஷ்டம் வயிற்றோடு நிற்பதில்லை.

"சவலைப் பிள்ளை" என்ற சொல்லை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தாய் மறுபடியும் கருவுற்று, அடுத்த குழந்தை பிறக்கும்போது, பால் மறந்த மூத்த குழந்தை ஏங்கி மெலிவதை நம்மவர் சவலை என்றார்கள். ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்று அப்போது வழங்கிய நாட்டில் வேலை செய்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் வைத்தியப் பெண்மணி, இத்தகைய ஒரு நோயைப்பற்றி 1935-ம் வருஷத்தில் எழுதினார். அந்நாட்டுத் தாய்மார் அதற்குக் "குவாஷியோர்கர்" என்று வழங்கிய பெயரையே அவரும் கைக்கொண்டார். அடுத்த குழந்தை வரும்போது மூத்ததைப் பற்றும் நோய் என்பதே அதன் பொருளாம். இரண்டு கண்டங்களின் தாய்மார் தனித்தனியே கண்டது ஒன்றே: இடம் இழந்த பிள்ளை மெலியும். ஆகையால் பிள்ளைகளுக்கிடையே மூன்று வருஷமாவது இடைவெளி இருப்பது நலம். இளையது பிறந்த வீட்டில் மூத்ததன் தட்டைத் தகப்பனே தினந்தோறும் கவனிப்பது அதனினும் நலம்.

நடக்கக் கற்ற பிள்ளைக்கு அபாயங்களும் புதியன. அதற்கு எட்டாத இடமென்று நேற்று நாம் எண்ணியது இன்று எட்டும். அரை வாளித் தண்ணீரிலும் தலைகீழாய் விழுந்து மூச்சு முட்டும். நிலக்கடலையை முழுதாய்க் கொடுத்தால் மூச்சுக் குழாயில் அடைக்கும். அரைத்தோ இடித்தோதான் கொடுக்கவேண்டும். இங்கே நம் சங்கத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பயிருக்கென்று நீங்கள் வாங்கிச் செல்லும் பூச்சி மருந்தில் மீதியானதைச் சர்பத்துப் பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைக்கும் வழக்கத்தை அநேக வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. பாட்டிலின் உருவமே அதற்குச் சர்பத்து. மருந்து வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். அதைப் பூட்டின பெட்டியில் வையுங்கள்.

புத்தி வளர்ச்சி

இந்த வயதுப் பிள்ளை செய்யும் குறும்புகளெல்லாம் அதன் பாடங்கள். கரண்டியைக் கீழே போடுகிறது. எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகிறது. நமக்குக் கோபம் வருகிறது. அதற்கோ, போட்டால் விழும், விழுந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அம்மா வருவாள் என்ற மூன்று உண்மைகள் விளங்குகின்றன. கூடைக்கடியில் மறைத்த பந்தைத் தேடி எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறதென்ற அறிவு அதற்கு வந்துவிட்டது. இரண்டு வயதை நெருங்கும்போது, கொட்டாங்கச்சியில் மண்ணை அள்ளி "சோறு" என்று நமக்கு ஊட்ட வருகிறது. ஒன்றை மற்றொன்றாகப் பாவிக்கும் இச்சக்தியே பிற்காலத்தில் எழுத்தையும் எண்ணையும் கற்பதற்கு மூலம். சிற்றில் இழைக்கும் குழந்தையைச் "சேற்றில் விளையாடாதே" என்று அதட்டி உட்காரவைப்பது, வாய்க்காலை அடைத்துவிட்டுப் பயிர் வாடுகிறதே என்று வருந்துவதற்கு ஒப்பாகும்.

பேச்சு வரும் கணக்கு இது: ஒரு வயதை ஒட்டி அம்மா, அப்பா, தாத்தா போன்ற சொல் ஒன்றிரண்டு பொருளறிந்து வரும். ஒன்றரை வயதில் பத்துச் சொற்களாவது இருக்கும். இரண்டு வயதில் ஐம்பது சொற்களும், "அம்மா வா", "பால் இல்லை" என்று இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் திறமையும் உண்டாகும். மூன்று வயதில் மூன்று நான்கு சொற்கள் கொண்ட வாக்கியமாய்ப் பேசும். அது பேசுவதில் பெரும்பகுதி அந்நியருக்கும் விளங்கும். வாயால் சொல்லும் சொற்களினும் காதால் அறியும் சொற்கள் எப்போதும் அதிகமிருக்கும். "செருப்பை எடுத்து வா" என்றால் ஒன்றரை வயதுப் பிள்ளை எடுத்து வரும்.

இச்சொற்கள் எங்கிருந்து வருகின்றன? நம் வாயிலிருந்தே. குளிப்பாட்டும்போதும், மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதும், வரப்பில் தோளில் தூக்கிச் செல்லும்போதும், "இது கொக்கு, இது நாற்று, இது மடை" என்று சொல்லிக்கொண்டே போகும் தகப்பன் காசில்லாமல் கல்வி கொடுக்கிறான். அதற்குப் பதிலாக இக்காலத்தில் பிள்ளை அழுதால் கைத் தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதில் தோன்றும் பதுமை பேசும்; ஆனால் பிள்ளை சொல்லும் மழலைக்கு மறுமொழி சொல்லாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ம் வருஷத்தில் விதித்த முறைப்படி, ஒரு வயதுக் குழந்தையைத் திரையின் முன் உட்காரவைக்கவே கூடாது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது.

விளையாட்டினால் லாபமென்ன என்று கேட்கும் அங்கத்தினர்களுக்கு ஓர் உண்மைச் செய்தியைச் சொல்லுகிறேன். ஜமெய்க்கா தீவில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழை வீடுகளில், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலுள்ள, உயரம் குன்றிய குழந்தைகள் 129 பேரைச் சில ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு சாராரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியப் பெண் ஒருத்தி வாரம் ஒரு முறை சென்று, வீட்டிலேயே செய்யத்தக்க விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடும் முறையை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருஷம் இவ்வாறு நடந்தது. 1991-ம் வருஷத்திலேயே அப்பிள்ளைகளின் புத்தி முன்னேற்றம் வெளியாயிற்று. சுமார் 20 வருஷங்கள் கழித்து அவர்களைத் தேடிக் கண்டபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நூற்றுக்கு 25 பங்கு அதிகமாய்ச் சம்பாதிக்கிறார்கள் என்று 2014-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம் செலுத்திய மூலதனத்துக்கு இவ்வளவு வட்டி தரும் பாங்கியை நான் கண்டதில்லை.

பிறரோடு பழகுதல்

ஒரு வயதுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் தாயின் முந்தானைக்குள் மறைகிறது. இதைக் கோழைத்தனமென்று ஏளனம் செய்யவேண்டாம். தன்னைச் சேர்ந்தவர் இன்னார் என்று பிரித்தறியும் அறிவு வந்ததன் அடையாளம் அது. தாய் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை உறுதிப்பட்டபின் அதுவே துணிந்து தெருவுக்கு ஓடும். ஒன்றரை வயதில் கண்ணாடியில் தெரிவது தானே என்று அறிகிறது. அது முதல் "நான்", "என்னுடையது" என்ற வழக்குகள் ஆரம்பமாகின்றன.

இரண்டு வயதின் அடம் எல்லோரும் அறிந்ததே. தரையில் விழுந்து புரள்கிறது, தட்டைத் தள்ளுகிறது, எதற்கும் "மாட்டேன்" என்கிறது. மனத்தில் விருப்பங்கள் பெருகிவிட்டன. அவற்றைச் சொல்லப் போதிய சொற்கள் இன்னும் வரவில்லை. ஆசையை அடக்கும் சக்தியோ மூளையில் இனிமேல்தான் வளரவேண்டும். இதற்கு அடி மருந்தாகாது. அடிபட்ட பிள்ளை அப்போதைக்கு அடங்கும். தன்னைவிடச் சிறியதை அடிக்கவும் கற்கும். "பூச்சாண்டி வருகிறான்", "ஊசி போடச் சொல்லுவேன்" என்று பயமுறுத்துவதும் வேண்டாம். ஊசியைக் காட்டிப் பயமுறுத்திய தாய், ஜுரம் வந்த நாளில் அதே பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எப்படி அழைத்துச் செல்வாள்? அடம் தீரும் வரையில் அருகிலிருந்து, கேட்டது கூடாதாயின் கொடுக்காமல், அழுகை நின்றபின் தூக்கி அணைத்துக்கொள்வதே போதும். இன்று "கூடாது" என்றதை நாளை "ஆகட்டும்" என்று வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லாதிருந்தால், அடம் வரவரக் குறையும்.

இரண்டு வயதுப் பிள்ளைகள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தனித்தனியே விளையாடுவார்கள். பொம்மையைப் பங்கிட்டுக்கொள்ளும் குணம் மூன்று வயதை ஒட்டியே மெல்ல மெல்ல வருகிறது. அதற்குமுன் "சுயநலக்காரன்" என்று திட்டுவதில் பயனில்லை. கூட்டுறவு என்பதை ஐம்பது வயதிலும் சிரமப்பட்டுக் கற்கும் நாம், இரண்டு வயதில் அது வரவில்லையென்று கோபிக்கலாமா? வெளிக்குப் போவதைச் சொல்லும் பழக்கமும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலேதான் படியும். இரவில் பாயை நனைப்பது அதன்பின்னும் சில காலம் இருக்கலாம்.

தவணை தவறிய கதை

இனி, முன்னே சொன்னபடி, என் சொந்த அனுபவத்தைச் சொல்லுகிறேன். இதைச் சபையில் சொல்வது எனக்குச் சுலபமன்று.

என் மூத்த மகள் 11-ம் மாதத்தில் நடந்தாள். எடையில் குறைவில்லை, முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், கையைக் காட்டி அழைத்தால் ஓடி வருவாள். இரண்டு வயது நிரம்பியும் "அம்மா" என்பதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. "அவள் மாமனும் மூன்று வயதில்தான் பேசினான், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்" என்று என் தாயார் சொன்னார்கள். ஒரு நாள் சமையலறையில் வெண்கலப் பானையின் மூடி குழந்தைக்குப் பின்புறம் விழுந்தது. குழந்தை திரும்பவில்லை. அன்றிரவு நான் முகாமிலிருந்து வந்ததும், "இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகமாயிருக்கிறது" என்றாள் என் மனைவி. "விளையாட்டுக் கவனத்தில் இருந்திருப்பாள். நல்ல பிள்ளையைச் செவிடாக்காதே" என்று நான் கடிந்துகொண்டேன். அவள் அதற்குப்பின் பேசவில்லை. அந்த வருஷம் எனக்கு வசூல் வேலை அதிகம். ஒரு சங்கத்தில் கடன் தவணை 15 நாள் தவறினால் நோட்டீஸ் அனுப்பச் சொல்லும் நான், என் வீட்டில் பத்து மாதத்தைத் தவறவிட்டேன்.

இரண்டு வயதும் பத்து மாதமும் ஆனபோது ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். இரண்டு செவிகளிலும் கேட்கும் சக்தி மிகவும் குறைவென்று தெரிந்தது. செவிக்கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது. பேசுகிறாள், பள்ளிக்கூடம் செல்லுகிறாள், கணக்கில் கெட்டிக்காரி. ஆயினும் "ச"வும் "ர"வும் இன்றும் தடுமாறுகின்றன. பிற பிள்ளைகள் சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாள். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவியைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை நிர்ணயித்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவதே முறையென்று வைத்தியர் சொன்னார். அவர் என்னைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. "எப்போது சந்தேகம் வந்தது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

சகோதரர்களே! வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளில் பலர் தாமே தேறிவிடுவது உண்மை. எந்தப் பிள்ளை தேறும், எது தேறாது என்பதைத் திண்ணையிலிருந்து நாம் அறிய முடியாது என்பதும் அவ்வளவு உண்மை. தேறும் பிள்ளையைக் காட்டினால் ஒரு நாள் பஸ் சத்தம்தான் நஷ்டம்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருப்பினும் காத்திராமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்:

1. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை.
2. ஒன்றரை வயதாகியும் துணையின்றி நடவாமை, அல்லது எதையும் விரலால் சுட்டிக் காட்டாமை.
3. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை.
4. எப்போதும் ஒரு கையையோ காலையோ மட்டும் உபயோகித்தல்.
5. முகத்தை முகம் பாராமை. பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யாமை.
6. எந்த வயதிலாயினும், வந்த பேச்சோ நடையோ பழக்கமோ மறைந்துபோதல். இதில் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது.
7. எடை மாதக்கணக்கில் ஏறாதிருத்தல், அல்லது மேல்கையின் நடுச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைதல். 11.5-க்கும் குறைந்தால் அது கடும் மெலிவு. உடனே சிகிச்சை வேண்டும்.

எங்கே செல்வது என்று திகைக்கவேண்டியதில்லை. 1975-ம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகள் ஏற்பட்டன. அங்கே தராசும், உயரம் அளக்கும் கோலும், கைச்சுற்றளவு நாடாவும் உண்டு. 2013-ம் வருஷத்தில் ஆரம்பித்த ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின்படி வைத்தியக் குழுவினர் வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கவேண்டும். குறையுள்ள பிள்ளைகளை அவர்கள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். 16-ம் மாதத்துக்கும் 24-ம் மாதத்துக்கும் இடையில் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும், முத்தடுப்பு, போலியோ ஊக்கத் தவணைகளும் போடவேண்டியிருப்பதால், அன்றைக்கே நர்ஸிடம் மேற்சொன்ன அடையாளங்களைப்பற்றியும் விசாரித்துவிடலாம்.

சங்கம் செய்யத்தக்கவை

1904-ம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டபோது, ஒருவன் தனித்து அடைய முடியாததைப் பலர் சேர்ந்தால் அடையலாம் என்பதே அதன் கருத்தாயிருந்தது. பிள்ளை வளர்ப்புக்கும் அக்கருத்துப் பொருந்தும். ஆகையால் நிர்வாக சபையார் யோசிப்பதற்கு மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, மாதத்தில் ஒரு நாளைக் குறிப்பிட்டு, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை அங்கன்வாடிக்குத் தாமே தூக்கிச் சென்று எடை போட்டு, அட்டையில் எழுதச் செய்யவேண்டும். கடன் பாஸ் புஸ்தகத்தைப் பத்திரமாய் வைக்கும் பெட்டியிலேயே அந்த அட்டையையும் வையுங்கள். இரண்டாவது, சங்கத்தில் பூச்சி மருந்து வாங்கும் ஒவ்வொருவரிடமும் "வீட்டில் சிறு பிள்ளை உண்டா? எங்கே வைக்கப்போகிறீர்?" என்று குமாஸ்தா கேட்கவேண்டும். மூன்றாவது, சட்டமும் உபவிதிகளும் இடங்கொடுக்குமாயின், பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் ஏழை அங்கத்தினருக்குப் பஸ் சத்தம் கொடுக்கலாம். வீட்டில் தாய் ஒரு சந்தேகத்தைச் சொன்னால் அதைத் தள்ளாமல் காதுகொடுத்துக் கேட்பது நான்காவது காரியம். அதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை.

இன்றிரவு வீடு சேர்ந்ததும், உங்கள் பிள்ளையின் பின்னால் சற்று எட்ட நின்று, மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பிச் சிரித்தால் வாரியெடுத்துக் கொஞ்சுங்கள். பின்னும் இரண்டொரு முறை அழைத்தும் திரும்பாவிட்டால், வீட்டில் யார் என்ன சமாதானம் சொன்னபோதிலும் கேளாமல், மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். திரும்பிய பிள்ளைக்கும் பேச்சுத் தாமதமாயின், அழைத்துப் பார்த்ததோடு நில்லாமல் செவியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாதி கேட்கும் காது வீட்டாரை எளிதில் ஏமாற்றிவிடும்.